மேல்முறையீட்டில் வந்த பெயர்

புதுச்சேரியில் நயினியப்பப் பிள்ளை வீதி என்று ஒன்று உண்டு. ரங்கப்பிள்ளை வீதி என்று இன்னொன்று உண்டு. முதலாவதைக் கூரியர் கொண்டுவரும் பையன்கள் அறிவார்கள். இரண்டாவதைப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற ஊர் முழுக்க அறியும். இவை ஒரே குடும்பத்துப் பெயர்கள், மாமனும் மருமகனும் என்பதைப் பலகை சொல்லாது. அந்த மாமன் கடைத்தெருவில் ஊரார் பார்க்க 50 கசையடி வாங்கிச் சிறையில் செத்தவர் என்பதையும் சொல்லாது.

தெருவுக்கு ஒருவர் பெயர் இருந்தால் அது ஊர் அவருக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். கொடை கொடுத்திருப்பார், குளம் வெட்டியிருப்பார், பெரிய பதவியில் இருந்திருப்பார் என்று ஒரு கதையை நாமே கட்டிவிடுவோம். நயினியப்பர் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது. அதிகாரம் அவரைக் குற்றவாளி என்று எழுதி வைத்தது. அந்த எழுத்தை அடித்துத் திருத்தியது அவர் குடும்பம். தெருப்பெயர்களைப் பற்றி நான் யோசிக்கிற விதமே அந்த வழக்கைப் படித்தபின் மாறிப்போனது.

நயினியப்பர் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்து வணிகத்தில் வளர்ந்தவர். 1708-இல் கவர்னர் எபேர் அவரைப் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக அமர்த்தினார். நெசவாளர்களிடம் துணி பிடிப்பது, முன்பணம் கொடுப்பது, சுற்றுவட்டார அரசர்களிடம் பேசுவது, துறைமுகத்து வேலையாட்களை ஏவுவது எல்லாம் அவர் கையில். ஏசுசபைப் பாதிரிமாருக்கு இது பொறுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்தார்கள். இடையில் பதவி இழந்து, பிறகு திரும்பி வந்த அதே எபேர் 1716 பிப்ரவரியில் தான் அமர்த்திய ஆளையே கைதுசெய்தார். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போர்த்துகீசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. தீர்ப்பு: 50 கசையடி, 3 ஆண்டு சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்துப் பறிமுதல், பிள்ளைகளுக்கு ஊர்விலக்கு. 1717-இல் சிறையிலேயே அவர் இறந்தார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் அவர் பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இருந்திருக்காது. முடியவில்லை. மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையும் அவரோடு கைதானவர்தான். அவரும் நயினியப்பரின் பிள்ளைகளும் மனு மேல் மனுவாக எழுதினார்கள். ஏசுசபைக்கு ஆகாத வேறொரு பாதிரிமார் சபையும், பிரான்சின் சேன்-மாலோ துறைமுக வணிகர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். நயினியப்பர் மேல் அபிமானம் என்பதைவிட எபேர் மேல் இருந்த கடுப்பு என்று சொல்லலாம். எப்படியோ, மனு பாரிசில் எடுபட்டது. எபேர் பதவி இழந்தார். தீர்ப்பு தலைகீழானது. மூத்த மகன் குருவப்பர் கப்பலேறிப் பாரிசுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். பிரான்சை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஒர்லேயான் கோமகன் பிலிப் அவருக்கு ஞானத்தகப்பன். சேன் மிஷேல் என்ற பிரெஞ்சு வீரப்பட்டமும் கிடைத்தது. 1722-இல் திரும்பி வந்து அப்பா இருந்த அதே தரகர் நாற்காலியில் உட்கார்ந்தார். கிறிஸ்தவர்தான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அரச குடும்பத்தை ஞானத்தகப்பனாகக் கொண்ட கிறிஸ்தவராக வந்து நின்றார். இதைவிட அழகான பதில் இருக்க முடியாது. ஆனால் இரண்டே ஆண்டில், 1724-இல், அவர் காலமானார்.

எல்லாமே காகிதம். விசாரணைக் குறிப்பு, மறுவிசாரணைக் குறிப்பு, மனு, சிபாரிசுக் கடிதம். அவை பிரான்சில் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. வரலாற்றாசிரியர் டானா அக்மோன் இந்த ஒரு வழக்கை மட்டும் வைத்து 2017-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அத்தனை காகிதம் ஏன் சேர்ந்தது? நயினியப்பர் பெரிய மனிதர் என்பதால் இல்லை. அவர் குடும்பம் தோல்வியை ஒப்புக்கொள்ளாததால். வழக்கு இல்லாத பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் தடமில்லாமல் போனார்கள்.

மைத்துனர் திருவேங்கடப் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். மாமன் கைதானபோது ஏழு வயது நிரம்பவில்லை. குருவப்பருக்குப் பிறகு அந்த நாற்காலி கனகராய முதலியார் வசம் போய், 1746-இல் அவர் சாகும்வரை அவரிடமே இருந்தது. நயினியப்பர் விழுந்தபோது அவர் இடத்துக்கு வந்தவரும் இதே கனகராய முதலியார்தான். கிறிஸ்தவர், ஏசுசபையினருக்கு வேண்டியவர். இரண்டு குடும்பங்களுக்கும் முப்பது வருஷப் பகை. இந்தப் பகையின் நிழலில் வளர்ந்த பையன் 1736 செப்டம்பரில் தினப்படி எழுத ஆரம்பிக்கிறார். 1761-இல் சாகும்வரை விடவில்லை. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், தமிழ் பேசத் தெரிந்த துய்ப்ளேக்ஸின் மனைவி தன்னைப் பற்றி என்ன கோள்மூட்டினாள், யார் யாருக்கு எத்தனை வராகன் நஜர் வைத்தார்கள், சோசியன் என்ன சொன்னான். இந்த நாட்குறிப்பை வரலாற்று மூலம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள், சரிதான். எனக்கு அது வேறு விதமாகவும் தோன்றுகிறது. மாமன் வழக்கில் சாட்சியத்தை மொழிபெயர்த்தவர்கள் மாற்றி எழுதினார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை, யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தன் கையால், தன் மொழியில், அன்றன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அடுத்த முறை வழக்கு வந்தால் தன் பக்கத்துக் காகிதம் தயாராக இருக்கும்.

1747 வாக்கில் அவர் தலைமைத் துபாஷியானார், மாமன் இருந்த அந்தத் தரகர் நாற்காலிக்கு வந்தார். செல்வாக்கு வந்ததும் புலவர்கள் வந்தார்கள். தியாகராச தேசிகர் 'ஆனந்தரங்கக் கோவை' பாடினார். ஸ்ரீநிவாச கவி 1752-இல் சமஸ்கிருதத்தில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றி, அதில் வம்ச வரலாற்றையும் வைத்தார். குடும்ப வரலாற்றைத் தேடுகிறவருக்கு இது கிடைத்தற்கரிய பொருள். அதே சமயம் பரிசில் வாங்கிக்கொண்டு எழுதியது. புரவலரின் பாட்டனைப் பற்றிக் குறைத்து எழுதிய புலவர் உண்டா? ஒரே குடும்பத்துக்கு இரண்டு வகை ஆவணம்: விழுந்த தலைமுறைக்கு மனுக்கள், எழுந்த தலைமுறைக்குக் காவியம். மனுவில் வலி இருக்கும், அதனால் மிகை இருக்கும். காவியத்தில் கூலி இருக்கும், அதனாலும் மிகை இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தால்தான் நடுவில் ஆள் தெரிகிறார்.

1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு, ரங்கப்பிள்ளை இறந்தார். வென்றவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ரங்கப்பிள்ளையின் மாளிகை தப்பியது. கீழே மரத்தூண் முற்றமும் மேலே பிரெஞ்சுத் தோரணைத் தூண்களுமாக இன்றும் அந்த வீதியில் மார்க்கெட் சந்தடியை ஒட்டி நிற்கிறது. நாட்குறிப்பும் குடும்பத்தார் வசமே இருந்தது. 1846-இல் பிரெஞ்சுக்காரர் கல்வா-மோம்ப்ரேன் கண்ணில் அது பட்டுப் பிரதி எடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதிலிருந்துதான் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்கள் பிறந்தன. எழுதியவர் செத்து 85 வருஷம் அந்தக் காகிதங்கள் யாருக்கும் பயன்படாமல் பெட்டியில் இருந்தன. கரையான் அரிக்காமல், அடுப்பெரிக்காமல், பாகம் பிரிக்கும்போது சிதறாமல் காத்தவர்கள் யார் என்று எந்த முன்னுரையும் விசாரிக்கவில்லை.

இப்போது ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து பக்கத்து வீதிக்குப் போவோம். ஜவகர்லால் நேரு வீதி. பிரெஞ்சுக்காலத்தில் அது துய்ப்ளேக்ஸ் வீதி. இன்னும் கொஞ்சம் தள்ளி லால் பகதூர் சாஸ்திரி வீதி. அது துய்ப்ளேக்ஸின் தளபதி புஸ்ஸியின் பெயரில் இருந்தது. எஜமானின் பெயர் பலகையிலிருந்து இறங்கிவிட்டது, துபாஷியின் பெயர் அப்படியே இருக்கிறது. சுதந்திர தேசம் அந்நியன் பெயரை எடுத்தது, உள்ளூரான் பெயரை விட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படியானால் பிரெஞ்சுக்காரர் பெயர் தாங்கிய துய்மா வீதியும் லபூர்தொனே வீதியும் ஏன் இன்னும் இருக்கின்றன? எனக்குப் படுவது வேறு. துய்ப்ளேக்ஸ் என்ற பெயர் ஓர் உத்தரவில் வந்தது. இன்னோர் உத்தரவில் போனது. ரங்கப்பிள்ளை என்ற பெயர் அங்கே ஒரு வீடு இருந்ததால் வந்தது. வழி கேட்டவருக்கு யாரோ 'ரங்கப்பிள்ளை வீட்டுப் பக்கம்' என்று கைகாட்டிய நாளிலிருந்து அது தெருப்பெயர். எவரும் உத்தரவு போட்டு வைக்காத பெயரை எடுக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

உத்தரவில் வந்த பெயருக்கு வரலாறு தேட அரசிதழ் போதும். வீட்டிலிருந்து வந்த பெயருக்கு வீட்டுக்குள்தான் போக வேண்டும். நம் வீடுகளில் அது சுலபமில்லை. திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லுவோம், நான்காவது யாருக்கும் தெரியாது. குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாமல் அப்பாவின் பெயரே இனிஷியலாக நிற்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் எழுத்து மாறிவிடும். பாட்டன் பெயர் பேரனுக்கு வரும், ஆகவே ஐம்பது வருஷ இடைவெளியில் இரண்டு ஆவணங்களில் ஒரே பெயர் வந்தால் அது ஒரே ஆளா என்று ஒரு நாள் முழுக்கத் திண்டாட வேண்டும். பாண்டிச்சேரிக்காரர்களில் சிலருக்கு மட்டும் இந்தத் திண்டாட்டம் குறைவு. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சாதி சமய வழக்குச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைப் பூண்டார்கள். பிரெஞ்சு நீதிமன்றத்துக்கு ஐரோப்பியச் செருப்பணிந்து போனதற்காக 1873-இல் அபராதம் வாங்கி, பாரிஸ்வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். இங்கும் ஒரு மேல்முறையீடு.

பெரிய குடும்பங்களுக்குக் காப்பகமும் காவியமும். மற்றவர்களுக்கு? கிரயப்பத்திரம். தெருப்பெயர் பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அதைப்போல் வேறு ஆவணம் கிடையாது. கடலூர்ப் பக்கத்தில் என் அம்மா பிறந்த வீடு ஒரு சந்தில் இருந்தது. கணக்குப்பிள்ளை சந்து என்பார்கள். நகராட்சிப் பலகை கிடையாது, ஆனால் தபால் வந்துவிடும். யார் அந்தக் கணக்குப்பிள்ளை என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"பெரியம்மா, அவர் நமக்கு என்ன முறை?"

"முறையா? உன் தாத்தாவுக்குச் சித்தப்பா. பாகம் பிரிக்கச்சே கிணத்துக்கு நடுவால கோடு போட்ட மனுஷன். வீட்டுக்குள்ள அந்தப் பேச்ச எடுக்காதே."

குடும்ப நினைவு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும். நல்லது செய்தவரை மறந்துவிடும், சண்டை போட்டவரை மூன்று தலைமுறைக்கு வைத்திருக்கும். சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரத்துக்கு நகல் மனு எழுதிக் கொடுத்து வாங்கினேன். முந்தைய தலைமுறைக் கிரயப்பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் சந்தே கிடையாது. எங்கள் வீட்டுக்கு மேற்கே 'கணக்கு உத்தியோகம் பார்க்கும்' இன்னாருடைய மனை என்று இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து வருவது பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் கிணறு பொது. பங்காளிகள் இருவருக்கும் சரிபாதிப் பாத்தியம். பெரியம்மா சொன்ன கோடு அதுதான். அதற்கடுத்த வரியைக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை: காலமான மூத்த சகோதரரின் சம்சாரம் தன் ஜீவிய காலம் வரையில் மேற்படி கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும், அதற்காகத் தென்வடலாக மூன்றடி அகலத்தில் வழிநடைப் பாத்தியம் விடவும் கண்டது. அந்த மூன்றடிதான் சந்து. அதற்கும் பிந்தைய பத்திரத்தில் எல்லை எழுதும்போது 'கணக்குப்பிள்ளை சந்துக்குக் கிழக்கு' என்று வந்துவிட்டது.

ஒரு விதவை குடத்தோடு போய்வர விட்ட வழி, பத்திரம் எழுதத் தெரிந்தவரின் பெயரில் தெருவானது. பத்திரத்திலும் அவளுக்குப் பெயர் இல்லை, 'சம்சாரம்' என்பதோடு சரி. நயினியப்பர் வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். மைத்துனன் முறை ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஒருவர் தங்கையை இன்னொருவர் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கல்யாணம் நடக்காமல் இருந்தால் திருவேங்கடப் பிள்ளை பெரம்பூரை விட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்திருக்கமாட்டார், நாட்குறிப்பும் இல்லை, வீதியும் இல்லை. நம் ஊர்களில் ஆண்கள் பெயரில் இருக்கிற தெருக்களில் பாதி, பெண்கள் வழியாக வந்து சேர்ந்த சொத்தின் மேல் இருக்கின்றன என்று சொன்னால் பதிவாளர் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பெயரின் வால் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப்பெயர்களில் சாதி ஒட்டை நீக்கச் சொன்னது. சென்னையில் தம்புச் செட்டித் தெரு பலகையில் தம்புத் தெரு ஆனது. லிங்கிச் செட்டித் தெரு லிங்கித் தெரு ஆனது. சனங்கள் பழையபடியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025-இல் தமிழக அரசு மறுபடி ஓர் ஆணை போட்டது. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி, அதனால் பிள்ளையும் செட்டியும் அங்கே பலகையில் இருக்கிறார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவனுக்குச் சாதி ஒட்டு ஒரு துப்பு. அதை எடுத்தால் எனக்கு ஒரு வாசல் அடைபடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது? மனு எழுதக் காசும், கவி பாடப் புலவரும், நான்கெல்லை சொல்ல மனையும் உள்ளவர்களுக்கு. நயினியப்பரின் ஏவலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் தெருக்களுக்கும் பெயர் இருந்தது. அதை அவர்கள் வைக்கவில்லை, மற்றவர்கள் வைத்தார்கள், வசைச்சொல்லாக வைத்தார்கள். அந்தப் பெயரை மாற்றச் சொல்கிறவரிடம் 'வரலாறு அழிகிறதே' என்று முறையிடுவது அழகல்ல. துப்பு வேண்டுமானால் எனக்குக் காப்பகம் இருக்கிறது. அவர் தினமும் அந்தப் பெயரைத் தன் விலாசமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே தெருப்பெயரின் பூர்வீகம் தேடிப் புறப்படுகிறவர்கள் அந்தப் பெயருக்குரியவரின் வம்சத்தாரிடம் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வரக்கூடாது. அவர்கள் நம்மை உபசரிப்பார்கள், படம் காட்டுவார்கள், காவியத்தைச் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கும் போக வேண்டும். கனகராய முதலியார் பக்கத்துக் கதையில் நயினியப்பர் வேறு ஆளாக இருப்பார், இருந்தாக வேண்டும். தரகர் கையில் அத்தனை அதிகாரம் குவிந்திருந்தபோது நெசவாளர்கள் எல்லோரும் அவரை வாழ்த்தியிருப்பார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. பெண் எடுத்த வீட்டுக்கும் பெண் கொடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். சீதனப் பட்டியலிலும் ஜீவனாம்ச வழக்கிலும் கிடைக்கிற பெயர்கள் பலகையில் கிடைக்காது. எபேரின் நீதிமன்றம் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதியது. அதைத் திருத்த ஒரு மகன் பாரிஸ்வரை போனார். அவர் அப்பாவின் பெயர் தாங்கிய வீதிக்கு வரலாறு எழுதும்போதும் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதினால், எபேருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.